ஏரியில் இல்லாத கொட்டி

சென்ற மாதம் எங்கள் துறையில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி செமினார் கொடுத்தாள். இந்த வட்டாரத்தில் காணாமல் போன நீர்ச்செடிகள் என்பது தலைப்பு. நன்றாகத்தான் பேசினாள். திரையில் கொட்டிச் செடியின் படம் வந்ததும் பக்கத்து மாவட்டத்துப் பெரிய ஏரி ஒன்றின் பெயரைச் சொன்னாள். "இந்தச் செடி அந்த ஏரியில இருந்ததுக்கு நம்ம அலமாரியிலேயே செடியை ஒட்டி வச்ச ஷீட் இருக்கு. போன மழைக்கு நாலு தடவை கரையைச் சுத்தி வந்து தேடினேன். ஒண்ணுகூட இல்ல. அங்க அது அழிஞ்சுபோச்சு" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழிஞ்செல்லாம் போகல. அந்த ஏரியில அது இருந்ததே கிடையாது" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் மிரண்டுபோனாள். ஆனாலும் நல்ல பெண், விடவில்லை. "லேபிள்ல அந்த ஏரி பேர்தான் போட்டிருக்கு மேடம். சேகரிச்சவங்க பேரு..." என்று இழுத்தாள். பிறகு மெதுவாக, "உங்க பேரு மேடம்" என்றாள்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அப்புறம் பேசலாம்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் படித்தபடிதான் செய்திருக்கிறாள். ஒட்டிய செடிக்கு அதன் லேபிள்தான் சாட்சி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என் கோபம் வேறு ஆட்கள் மேல். அதில் ஓர் ஆள் நான். அப்புறம் பேசலாம் என்று தள்ளிப் போட்டதை இங்கே பேசிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தாவரவியல் முதுகலை சேர்ந்தேன். அப்போது தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். ஒருவனுக்கு நடுவிலேயே சிங்கப்பூர் பெர்மிட் வந்துவிட்டது. நாங்கள் பொறாமையில் வெந்துகொண்டே அவனுக்கு டீ பார்ட்டி வைத்தோம். துறைத்தலைவர் வாசல் போர்டில் 'உயிரித்தொழில்நுட்பம்' என்று எழுதிச் சேர்த்தார். போர்டு மாறியதும் நல்ல அறைகள் எல்லாம் அதற்குப் போய்விட்டன. செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் எங்கள் பிரிவுக்குக் கழிவறையை ஒட்டிய அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். செடிக்குப் பெயர் கண்டுபிடித்து இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று சக ஆசிரியர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள்.

என் அப்பாவும் கேட்டார். அவர் மன்னார்குடிக்கு மேற்கே மூன்று ஏக்கரில் நெல் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று பேசும்போது, "நான் ஆள் விட்டுப் பிடுங்கி வரப்புல எறியிறதை எம் பொண்ணு பேப்பர்ல ஒட்டிப் பட்டம் வாங்கப் போவுது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மழைக்காலத்தில் என் செடிகளை அமுக்க விதைநெல் மூட்டைகளைத் தூக்கி வைத்ததும் அவர்தான். செடியை நாளிதழுக்குள் விரித்து, மேலே பாரம் ஏற்றி, தினம் தாள் மாற்றிக் காயவைக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் தாளே காயாது. அம்மா அடுப்பு மேட்டில் தாளைக் காயப்போட்டுவிட்டு, கறி கருகினால் என்னைத் திட்டுவாள்.

இனி என் வழிகாட்டியைப் பற்றி. அவரை நான் திட்டப்போகிறேன், அதனால் முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் செடி தெரியும். ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாலே குடும்பத்தைச் சொல்லிவிடுவார். வெறும் கையில் கோரைப் பூவைப் பிரித்து, லென்ஸ் இல்லாமல் இனத்தைச் சொல்லுகிற ஆளை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒன்றும் தெரியாத ஆள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்கள் லேபிளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் எல்லாமே பென்சிலில். அவர் ஒவ்வொரு ஷீட்டையும் பார்த்து, பெயர் சரிதான் என்று உறுதியான பிறகு, தன் பேனாவால் மேலே மையில் எழுதி, பென்சிலை ரப்பரால் அழிப்பார். "தப்பான பேரு மையில ஏறிடுச்சுன்னா அடுத்தவன் அதை நம்பிடுவாம்மா" என்பார். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பென்சிலில் எழுதினோம். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நம் ஷீட்டில் அது ஏறியதும் பெருமையாக இருக்கும். செடியின் பெயரில்தானே தவறு வரும், எடுத்த இடத்தை எதற்குப் பென்சிலில் எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

ஆய்வுக்கு எல்லோரும் மலைக்கு ஓடினார்கள். கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை. மலையில் எடுத்தால்தான் மதிப்பு, நம் ஊரில் எடுத்தால் களை. எனக்கு அதிலேயே கோபம். பிடிவாதமாகக் கடலோரத்து மேய்ச்சல் தரை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நாகப்பட்டினம் ரோட்டில் இறங்கி, கிழக்கே நாலு மைல் நடக்க வேண்டும். கிராமக் கணக்கில் அது தரிசுப் புறம்போக்கு. சித்திரையில் போய்ப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். வெடித்த களிமண், நாலு கருவை மரம், ஆட்டுப் புழுக்கை. ஐப்பசி மழை இரண்டு பெய்யட்டும், அப்புறம் போய்ப் பாருங்கள். பள்ளமெல்லாம் முழங்கால் தண்ணீர். அதன் மேல் நீள இலைகள் மிதக்க, இலைகளுக்கு நடுவில் விரல் உயரத்துக்குக் கொட்டிப் பூ நிற்கும், லேசான ஊதா நிறத்தில். கரையோரம் ஆரை, நீர்முள்ளி, பொடுதலை. சேற்றில் பூச்சி பிடித்துத் தின்னும் குட்டிச் செடிகள் மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கும். ஒரே ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்து ஐம்பத்தெட்டு ஷீட் எடுத்தேன்.

அங்கே ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மலேசியாவில் ஏதோ ஹோட்டலில். கடிதம் வருவதே குறைவு, வந்தாலும் 'நலம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது என்பார். பதினெட்டு ஆடும் இரண்டு பிள்ளைகளும் அவர் தலையில். முதல் நாள் நான் சேற்றில் இறங்கிச் செடியைப் பிடுங்குவதைப் பார்த்துவிட்டு, "யாரு அது, ஆட்டுக்கு வச்சிருக்கறதைப் புடுங்குறது?" என்று சத்தம் போட்டார். படிப்பு என்றேன். "புல்லு புடுங்கறது ஒரு படிப்பா? அப்ப நான் எப்பவோ பாஸ் பண்ணிட்டேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கோடையில் அவர் பிள்ளைகளோடு அதே தரையில் மண்வெட்டி போட்டுக் கொட்டிக்கிழங்கு எடுப்பார். செடி இருந்த அடையாளமே மேலே இருக்காது. ஒரு சாண் ஆழத்தில் சின்னச் சின்னக் கிழங்காக உறங்கிக்கொண்டிருக்கும். அவித்து உரித்து உப்புப் போட்டுத் தின்றால் மாவாகக் கரையும். ஆட்டுக்கு ஆறு மாதம் புல், பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கிழங்கு, கூரைக்குக் கோரை. கணக்கில் தரிசு என்று எழுதியிருந்த இடத்திலிருந்து அந்தத் தெருவில் பாதி வீடு பிழைத்தது.

அந்த வருடம்தான் இறால் வந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி, டாலர், புதுக் காலம் என்று பேச்சு. தெற்கே இரண்டு கிராமத்தில் வயலையே வெட்டிக் கரை போட்டு உப்புத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பக்கத்துக் கிணறெல்லாம் கரித்தது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று இந்த மேய்ச்சல் தரையைக் குத்தகைக்குக் கேட்டது. யாருக்கும் பயன்படாத தரிசுதானே, கொடுத்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்று தாலுகா ஆபீசில் பேச்சு. தரிசு இல்லை என்று நிரூபிக்க முடிந்தால்தான் தடுக்க முடியும்.

அக்காதான் என்னிடம் வந்து கேட்டார். "நீதான பாப்பா ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்க. எந்தப் பள்ளத்துல எது மொளைக்குதுன்னு ஒன் காயிதத்துல இருக்குல்ல. நாங்க சொன்னா எவன் கேக்குறான். நீ கொண்டாந்து காட்டு."

காட்டுகிறேன் என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! கழிவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து படிப்பது வீண் இல்லை, நம் ஷீட் ஐம்பத்தெட்டும் இந்தத் தெருவைக் காப்பாற்றப் போகிறது என்று திரும்பி நாலு மைலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

வைகாசியில் ஜமாபந்தி நடந்தது. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து மனு வாங்கும் நாட்கள் அவை. தெருவே சேர்ந்து மனு கொடுத்தது. தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாகத் தேதி சொன்னார். என்னிடம், "காலேஜ்ல இருந்து ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாம்மா, ரெக்கார்டுல சேத்துக்கிறேன்" என்று மரியாதையாகவே சொன்னார்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். என் கட்டைப் பிரித்து முதல் ஷீட்டைப் பார்த்தேன். அச்சு மாதிரிக் கையெழுத்தில் செடியின் லத்தீன் பெயர் சரியாக இருந்தது. நாள் சரி. என் பெயர் சரி. இடத்துக்கு நேராகப் பெரிய ஏரியின் பெயர் இருந்தது. வேறு மாவட்டத்து ஏரி. நான் அதுவரை கண்ணால் பார்த்திராத ஏரி. இரண்டாவது ஷீட்டிலும் அதே ஏரி. ஐம்பத்தெட்டையும் புரட்டினேன். புரட்டிய வேகத்தில் ஒரு ஷீட்டில் ஒட்டியிருந்த பூ உதிர்ந்துவிட்டது. பென்சில் எழுத்து ஒரு கீற்றுக்கூட மிச்சமில்லை, அவ்வளவு சுத்தமாக ரப்பர் போட்டிருந்தார்.

நேரே அவர் அறைக்குப் போனேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இடத்தை மாத்தியிருக்கீங்க சார்" என்றேன்.

அவர் பதறவில்லை. உட்காரச் சொன்னார். கம்பெனி அந்தத் தரைக்குச் செடிப் பட்டியல் கேட்டதாம், கன்சல்டன்ஸி. சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு, பதினோரு வகை, எல்லாம் சாதாரணக் களை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "நான் பொய் எழுதலம்மா. கண்ணால பாத்ததைத்தான் எழுதினேன்" என்றார்.

"சித்திரையில போனா என்ன சார் தெரியும்? மழைக்குத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க சித்திரையில கேட்டாங்க, நான் சித்திரையில போனேன்."

"அப்ப என் ஷீட்டு?"

"ஒரே டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரே இடத்தைப் பத்தி ரெண்டு காயிதம் ரெண்டு விதமா பேசக் கூடாது. அசிங்கம். உன் பேரை அழிச்சேனா? இல்லையே. மார்க்கைக் கொறைச்சேனா? இடம்தான. இடத்துல என்ன இருக்கு?"

செடியை இனம் பிரிக்கும் படிப்பில் வாழ்நாளைச் செலவழித்த மனிதர், இடத்தில் என்ன இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். முதல் வருடம் முதல் வகுப்பில், எடுத்த இடம் இல்லாத செடி வைக்கோல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே ஆள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மேசை நாட்காட்டியைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "வியாழக்கிழமை உனக்கு வைவா. நல்லா தயார் பண்ணிக்க. நீதான் ஃபர்ஸ்ட் வருவ. அப்புறம் பி.எச்டி.க்கு நானே சேத்துக்கிறேன்."

மிரட்டவே இல்லை பாருங்கள். மிரட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என்னிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. சேற்றில் நின்று எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. எந்த நாள், எந்தப் பள்ளம், எத்தனை அடி தண்ணீர், எந்த எண் செடி எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. கல்லூரியில் கொடுத்தது அதைப் பார்த்து அழகாக எழுதிய பிரதி. சேறு படிந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. அதுவும் பென்சில்தான், ஆனால் அதன் மேல் யாருடைய ரப்பரும் படவில்லை. வியாழக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் வைவாவுக்குப் போனேன். கேட்டால் எடுத்து மேசையில் போட்டுவிடுவது என்று பஸ்ஸில் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன்.

யாரும் கேட்காமல் போயிருந்தால் இன்று என்னைக் கொஞ்சமாவது மன்னித்திருப்பேன். கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், குட்டையான ஆள், தடித்த கண்ணாடி. ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் கொட்டியில் நின்றார். லேபிளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது காய்ஞ்சு காய்ஞ்சு நிரம்புற குட்டையில வர்ற செடியாச்சே. அந்த ஏரி காயவே காயாதேம்மா. எனக்குத் தெரிஞ்ச ஏரி அது. அங்க எங்க எடுத்தீங்க?"

அவ்வளவு சரியான கேள்வி. உலகத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பத்துப் பேரில் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறார். பை என் காலடியில் இருக்கிறது. நோட்டு பைக்குள் இருக்கிறது. என் வழிகாட்டி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து முறைத்தார், அதனால் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

"ஏரிக்கு வெளிய, கரைக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு சார். அது கோடையில காய்ஞ்சுடும்" என்றேன்.

பார்க்காத ஏரிக்கரைக்கு இல்லாத பள்ளம். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வாயிலிருந்து அது தங்கு தடையில்லாமல் வந்தது. தேர்வாளர் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன். நல்ல கவனிப்பு" என்று என் வழிகாட்டியிடம் பாராட்டாகச் சொன்னார். எனக்கு அந்த வருடம் முதலிடம்.

திங்கட்கிழமை விசாரணை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். வைவா முடிந்துவிட்டது, இனி பயம் என்ன, திங்கட்கிழமை நோட்டைக் கொண்டுபோய்த் தாசில்தாரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். அடுத்த நிமிடமே, கொடுத்தால் கல்லூரிக்கு எழுதிக் கேட்பார்கள், லேபிள் வேறு சொல்லும், நீயே ஏரிப் பள்ளம் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாய், பட்டம் போய்விடும் என்றேன். ஞாயிறு பூசையில் பாவமன்னிப்புக்கு வரிசை நின்றது. நான் அதில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை குளித்துக் கிளம்பினேன். நோட்டு பையில். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ் வந்தது, காலியாகத்தான் வந்தது. கண்டக்டர் விசில் அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். "வாங்க, ஏறுங்க" என்றார். தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பஸ் வரவில்லை என்றேன்.

ஒன்றரை வருடத்தில் அந்தத் தரையில் சதுரம் சதுரமாகக் கரை எழுந்தது. நடுவில் சின்ன விமானத்தின் விசிறி மாதிரித் தண்ணீரை அடிக்கும் மோட்டார்கள். நாலைந்து வருடத்தில் இறாலுக்கு நோய் வந்து கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. மண் மட்டும் உப்பாகவே நின்றுவிட்டது. கணக்கில் எழுதியிருந்த தரிசை அவர்கள் நிஜமாகவே உண்டாக்கிக் கொடுத்துவிட்டார்கள். என் வழிகாட்டி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்த விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றி ஒருவர் கால்மணி நேரம் பேசினார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். அவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தில்தான் இன்றும் சோறு தின்கிறேன்.

கோபத்தை வேறு பக்கம் திருப்பிவிட எனக்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கம்பெனி, தாலுகா ஆபீஸ், டாலர், அந்தக் காலம். எல்லார் மேலும் கோபம் உண்டு, ஒருவரையும் விடுவதாக இல்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்தத் தெருவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

அந்த அக்காவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு பகல் நேரம், நாகூர் பஸ் ஸ்டாண்டில் மாணவிகளோடு நின்றுகொண்டிருந்தேன். இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகும் பெண்களில் ஒருவர் கூட்டத்தை விட்டு என்னை நோக்கி வந்தார். கைவிரல்கள் வெந்து சுருங்கி வெளுத்திருந்தன. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாப்பா, நீதானா? டீச்சராயிட்டியா? நல்லாருக்கியா?" என்றார். ஆட்டையெல்லாம் விற்றாயிற்று, பெரிய பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், சின்னது கூடவே ஷெட்டுக்கு வருகிறது என்று கேட்காமலே சொன்னார். நான் ஊம் கொட்டினேன்.

"அன்னைக்கி தாசில்தாரு காலையிலேயே வந்துட்டாரு. பொம்பளப் புள்ள ஒண்ணு காயிதம் கொண்டாருதுங்க, செத்த இருங்கன்னு நான்தான் ஒக்கார வச்சேன். எளநி வெட்டிக் குடுத்தோம். மத்தியானம் மூணு பஸ்ஸும் பாத்தாச்சு. அதுக்கு மேல அவரும் எத்தன நேரம் இருப்பாரு? விசாரிச்சாச்சுன்னு எங்ககிட்ட கையெழுத்த வாங்கிட்டுப் போயிட்டாரு."

என் மாணவிகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னைய யாரும் ஒரு வார்த்த சொல்லல பாப்பா. சொல்ல வந்தவங்களையும் நான் விடல. அது அப்படிப்பட்ட புள்ள இல்ல, ஒடம்புக்கு என்ன வந்துச்சோ, இல்லாட்டி வராம இருக்காதுன்னு சொல்லிட்டேன். என்ன, காய்ச்சலா அன்னைக்கி?"

"ஆமாக்கா, காய்ச்சல்" என்றேன்.